அதெல்மோவுக்கு வந்த கட்டில்

ஆறு கடலில் சேரும் எங்கள் கமோசிமில் பிறந்த பிள்ளையும் தூளியில்தான் தூங்கும், பேரன் பேத்தி எடுத்த கிழவரும் தூளியில்தான் தூங்குவார். சுவரில் கொக்கி அடிக்காமல் எந்தக் கொத்தனாரும் வீடு முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டார். கட்டில் என்பது வெளியூர் விருந்தாளிக்கும் வியாதிக்காரருக்கும்தான். அப்படிப்பட்ட ஊரில், ஒரு நாள் அதெல்மோவின் வீட்டு வாசலில் லாரி வந்து நின்று இரட்டைக் கட்டிலும் மெத்தையும் இறங்கினால் தெரு சும்மா இருக்குமா?

"என்ன அதெல்மோ, கல்யாணமா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!"

"பொண்ணு எந்த ஊரு? பல்லெல்லாம் இருக்கா?"

அதெல்மோவுக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தது. காது சிவக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மனிதர் ஆயுசில் பாதியை ஐஸ் கம்பெனியில் கழித்தவர். தோளில் சாக்கைப் போட்டு ஐஸ் பாளங்களைச் சுமந்து, உடைத்து, மீன்பிடிப் படகுகளின் வயிற்றுக்குள் தள்ளுவதுதான் வேலை. அதனால் வலது தோள் இன்னமும் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியே இருக்கும். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் விடியுமுன் எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். எந்தப் படகு ஐஸ் குறைவாக ஏற்றுகிறது என்று பார்த்து, அதன் சொந்தக்காரரை நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தால்தான் அவருக்கு சோளமாவுப் புட்டு தொண்டையில் இறங்கும். வந்து பார்க்கச் சொல்லி இவரை யாரும் கேட்டதில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

மனைவி தால்வா இறந்த பிறகு வீட்டில் அவரும் சில கோழிகளும்தான். ஒரே மகள் மார்லூசியா தூரத்து சாவோ பாலோவில் ஒரு துணிக்கடையில் மேலாளர். தினமும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் செய்வாள்.

"அப்பா, தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த 'அவ்வளவுதான்' வராத காலையில் அதெல்மோவுக்குக் காப்பி கசக்கும்.

போன வருஷம் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனவர் பின்பக்கத் தொட்டியோரம் வழுக்கி விழுந்தார். கோழிகள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு சில்வானிரா சுவரேறி எட்டிப் பார்த்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எலும்பு எதுவும் முறியவில்லை. "சும்மா படுத்திருந்தேன்" என்று அவர் சாதித்தார். சில்வானிரா அன்றைக்கே மார்லூசியாவுக்குப் போன் செய்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அதற்காக அதெல்மோ அவளிடம் பல வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்லூசியா ஒரே பிடியாக நின்றாள். "இங்க வந்துடுங்க அப்பா."

"அங்க வந்து என்னத்தைப் பார்ப்பேன்? எதிர்த்த வீட்டு ஜன்னலையா?"

"சரி. அப்படின்னா ராத்திரி நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா அங்கேயே இருங்க. தெரியலன்னா நான் வந்து கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் அழுதாலும் விடமாட்டேன்."

அப்படித்தான் கட்டில் வந்தது. கட்டிலோடு ஒரு கருவியும் வந்தது. மெத்தைக்கு அடியில் விரிக்கிற ஒரு மெல்லிய பட்டை, சுவரில் செருகுகிற ஒரு சின்னப் பெட்டி. மேலே படுத்திருப்பவரின் மூச்சும் நாடியும் புரளலும் எழுந்து போவதும் எல்லாம் மார்லூசியாவின் போனில் கோடு கோடாகத் தெரியும். தூளிக்கு இப்படியொரு கருவியை இன்னும் யாரும் செய்யவில்லை. செய்கிறவர்கள் எல்லாம் கட்டிலில் தூங்குகிற ஊர்க்காரர்கள் போலிருக்கிறது.

அதெல்மோ நாணயமாக முயற்சி செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மெத்தையில் மல்லாந்தால் கரையில் எடுத்துப் போட்ட மீன் மாதிரி இருந்தது. ஒருக்களித்தால் இறங்கின தோள் வலித்தது. காலையில் மகள் கேட்பாள்: "என்னப்பா, ராத்திரி பூரா பொரண்டுகிட்டே இருந்திருக்கீங்க? நாலு தடவை எழுந்திருக்கீங்க!" இனிமேல் ஒண்ணுக்குப் போகவும் சாவோ பாலோவில் உத்தரவு வாங்க வேண்டும் போலிருக்கிறதே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சமயத்தில்தான் நொனாத்தோவின் வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டது. ஒரேயடியாக இல்லை. மழைக்காலத்தில் பின்சுவர் போயிற்று, அப்புறம் சமையலறை, அப்புறம் ஒரு கதவு மட்டும் பூட்டோடு நின்றது. நொனாத்தோ கல்யாணம் செய்துகொள்ளாதவர், கரையோரச் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அதெல்மோவும் சின்ன வயதில் ஒருவர்மேல் ஒருவர் சேற்றை அள்ளிப் பூசி விளையாடியவர்கள். மார்லூசியாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நொனாத்தோதான். எங்கள் ஊர் வழக்கப்படி, அந்த நாளிலிருந்து பெற்றவனும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட வேண்டும், 'வாடா போடா' கூடாது. அது ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். அதனால் சேறு பூசிக்கொண்ட இரண்டு பேரும் நாற்பது வருஷத்துக்கு மேலாக மரியாதையோடுதான் திட்டிக்கொள்கிறார்கள்.

"கூரையைச் சரிபண்ற வரைக்கும் நாலு நாள் இருக்கேன் கொம்பாத்ரே" என்று நொனாத்தோ ஒரு பெட்டியோடு வந்து நின்றார்.

"கூரை எங்க இருக்கு சரிபண்ண? உள்ள வாங்க."

கப்பலில் பலகைக் கட்டிலில் தூங்கிப் பழகியவருக்குத் தூளி ஒத்துவராது, முதுகு பிடித்துக்கொள்ளும். இவருக்கோ கட்டில் ஒத்துவரவில்லை. வந்தவர் கட்டிலில் விழுந்தார், வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூளியில் ஏறினார். இதில் யார் யாரை ஏமாற்ற நினைத்தார்கள்? ஒருத்தரும் இல்லை. மறுநாள் காலையில் போன் அடிக்கும்வரை அதெல்மோவுக்கு அந்தப் பட்டையின் ஞாபகமே இல்லை.

"அப்பா! அசையாமத் தூங்கியிருக்கீங்க! விடிஞ்சப்புறமும் தூங்கியிருக்கீங்க! எனக்கு அழுகையே வந்துருச்சு!"

அதெல்மோ சொல்லத்தான் வாயெடுத்தார். தால்வா போன பிறகு மகளின் குரலில் இப்படியொரு சந்தோஷத்தை அவர் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டார்.

நொனாத்தோவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் புட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு விடக்கூடாது! ஞானத்தகப்பன்னா பிள்ளைக்குக் கஷ்டம் வந்தா தாங்கிக்கணும். நான் என்னடான்னா அவ வாங்கின மெத்தையில மல்லாந்து கிடக்கேன். தெரிஞ்சா எந்த மூஞ்சியை வெச்சிட்டு அவளுக்கு ஆசி சொல்றது? நான் ஒரு ரூம் கட்டிட்டுப் போற வரைக்கும் சொல்லமாட்டேன்னு தால்வா மேல சத்தியம் பண்ணுங்க."

அதெல்மோ சத்தியம் செய்தார். சில்வானிரா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பழைய அனுபவத்தில் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

அப்படியே மாதங்கள் ஓடின. கருவியில் அதெல்மோ நாளுக்கு நாள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குக் கூலியும் கிடைத்தது. "இனிமே காலைல உங்களைத் தொந்தரவு பண்ணலப்பா, நானே போன்ல பார்த்துக்கறேன்" என்று மார்லூசியா சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் பேச்சு. மற்ற நாட்களில் அதெல்மோ ஆற்றங்கரையிலிருந்து வந்து போனை எடுத்து, சும்மா பார்த்துவிட்டு, கவிழ்த்து வைப்பார். மனசு வலித்தது. யாரிடம் போய் முறையிடுவது? தினமும் கூப்பிடு என்றால், கருவி இருக்கும்போது எதற்கு என்பாள், இத்தனை மாதம் காத்த பொய்யை அவிழ்க்க வேண்டி வரும். அவிழ்த்தால் மகள் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு புதன்கிழமை பகலில் போன் அடித்தது. மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா, மிஷின்காரங்க கூப்பிட்டாங்க. ராத்திரியில உங்க நாடி ரொம்ப இறங்கிப் போகுதாம். நடுநடுவுல விட்டு விட்டு அடிக்குதாம். ஒரு வாரமா இப்படியாம். மயக்கம் வருதா? மறைக்காம சொல்லுங்கப்பா."

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே!"

"வெள்ளிக்கிழமை சோப்ரால் டவுன்ல இதய டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். போகணும். டாக்டர் சரியில்லன்னு சொன்னா அடுத்த பிளேன்ல நான் அங்க இருப்பேன்."

போனை வைத்ததும் அதெல்மோவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன், படுத்தது நான் இல்லையே என்று ஒரு சிரிப்புக்கூட வந்தது. காப்பி போட எழுந்தார். பின்பக்கத்தில் நொனாத்தோ தொட்டியில் முகம் கழுவக் குனிந்தவர், பாதியிலேயே தொட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து கோழிகளைப் பார்த்தார். அவற்றைப் பார்க்கத்தான் உட்கார்ந்தது போல முகத்தை வைத்துக்கொண்டார். அதெல்மோவின் சிரிப்பு வாயிலேயே செத்தது. இவ்வளவு நேரம் சந்தோஷப்பட்டதற்காக அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

சொல்லிப் பார்த்தார். நொனாத்தோ பிடிகொடுக்கவில்லை.

"மெத்தைக்கு அடியில கிடக்கிற துணிக்கு என்ன தெரியும் கொம்பாத்ரே? அது மெத்தை ஸ்பிரிங்கை எண்ணிட்டு இருக்கும்."

"தலை சுத்துதா இல்லையா?"

"கப்பல்ல முப்பது வருஷம் சுத்துச்சு. பழகிப்போச்சு."

"சோப்ராலுக்கு வாங்க. ரெண்டு பேருமா பார்த்துட்டு வருவோம்."

"நேரம் வாங்கினது உங்க பேருக்கு. நீங்க காட்டுங்க. துணைக்கு வேணா வர்றேன், பாவம், நாடி விட்டு விட்டு அடிக்கிற மனுஷன் தனியாவா போறது!"

வெள்ளிக்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது, நிதானமான பேச்சு. அதெல்மோவின் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார், படமெடுத்துப் பார்த்தார். அப்புறம் மார்லூசியா அனுப்பியிருந்த கோடுகளைத் தன் கணினியில் பார்த்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஐயா, உங்க இதயம் நல்லா இருக்கு. என்ன வேலை பார்த்தீங்க?"

"ஐஸ் தூக்கினேன் டாக்டரம்மா."

"அதான். இந்தக் கோடுகளைப் பார்த்தா வேற யாரோ மாதிரி இருக்கு. கருவியில ஏதோ கோளாறு இருக்கலாம். உங்க பொண்ணுக்கு அப்படியே எழுதிடறேன். நீங்க கவலையில்லாம வீட்டுக்குப் போங்க."

கேட்காமலே வரம் கிடைத்துவிட்டது. கருவிமேல் பழி, மகளுக்கு நிம்மதி, கமோசிம் கைவிட்டுப் போகாது, சத்தியமும் உடையாது. தலையாட்டினால் போதும். அதெல்மோ தலையாட்டினார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நொனாத்தோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என்ன சொல்றா?"

"மிஷின்ல கோளாறாம்."

"நான் அப்பவே சொல்லல? வாங்க, பஸ் ஸ்டாண்டுல பீன்ஸ் சோறு சாப்பிட்டுப் போவோம்." எழுந்தவர் ஓரடி வைத்தார். சுவரில் கையை ஊன்றினார். முகம் வெளுத்து உதடு சாம்பல் பூத்தது. ஒரு நிமிஷம் எதையும் பார்க்காமல் நின்று, பிறகு சிரித்தார். "கால் மரத்துப்போச்சு, பெஞ்சு சரியில்ல."

அதெல்மோ திரும்பி, கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"டாக்டரம்மா, மிஷின்ல கோளாறு இல்ல. அந்தக் கட்டில்ல படுக்கிறது நான் இல்ல. அவரு வெளிய நிக்கிறாரு."

டாக்டரம்மா எழுந்தார். நொனாத்தோ வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். அவர் கண் கோபத்தில் பளபளத்தது. "சத்தியம் பண்ணினீங்க. தால்வா மேல பண்ணினீங்க."

"சத்தியமாவது மண்ணாவது!" அதெல்மோவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "தால்வாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாடா உள்ள! நோனு, வாடா!"

நாற்பது வருஷத்துக்கு அப்புறம் சின்ன வயதுச் செல்லப்பெயரோடு வந்த அந்த 'டா' நொனாத்தோவை எதிர்த்துப் பேச விடவில்லை. பிடித்து இழுத்த கைக்கு இணங்கி உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினார். அன்றைக்கு அவர் வீடு திரும்பவில்லை. அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நாடியைத் தூக்கிவிடும் சின்னக் கருவி ஒன்றை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பார், கோழிகள்கூடக் கூச்சல் போட்டிருக்காது என்று டாக்டரம்மா வேறு வார்த்தைகளில் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதெல்மோ மகளுக்குப் போன் செய்தார். ஒன்றையும் மறைக்கவில்லை.

"இவ்வளவு நாளா நீங்க எங்கப்பா தூங்கினீங்க?"

"தூளியிலதான்."

அவள் போனைத் துண்டித்துவிட்டாள்.

மூன்றாம் நாளும் அவள் கூப்பிடவில்லை. அதெல்மோவுக்குப் புரிந்துவிட்டது. வாக்கு வாக்குதான். கோழிகளைச் சில்வானிராவிடம் கொடுத்தார். "எனக்கு எதுக்கு இந்தப் பாவம்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூளியை அவிழ்த்துத் துவைத்துக் காயவைத்து மடித்தார். இரண்டு சட்டையோடு பையில் வைத்துக் கட்டிவிட்டு, கொக்கிகள் மட்டும் மிச்சமிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆற்றங்கரைக்கும் போகவில்லை. படகுக்காரர்கள் அன்றைக்குத் திட்டு வாங்காமலே கடலுக்குப் போனார்கள்.

மார்லூசியா சொல்லாமல் வந்து நின்றாள். சோப்ராலில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், ஞானத்தகப்பனின் கையைப் பிடித்து ஆசி வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். வீட்டுக்குள் வந்ததும் கண் பைமேல் விழுந்தது.

"இது என்ன?"

"நீ சொன்னதுதானே. ராத்திரி தெரிஞ்சா இருங்க, தெரியலன்னா வாங்கன்னு."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "காலைல மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். அப்பாவுக்கு இந்த வயசுலயும் எவ்வளவு நல்ல தூக்கம்னு கடையில எல்லார்கிட்டயும் காட்டுவேன். அது என் ஞானத்தகப்பன் தூங்கின தூக்கம்!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உங்க மேல எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது. பிளேன்ல வரும்போதுதான் நெனச்சுப் பார்த்தேன். இத்தனை மாசமா ஒரு நாள்கூட காலைல உங்க குரலை நான் கேக்கல. அதைக்கூடக் கவனிக்காம இருந்திருக்கேன். அந்தக் கோபம் உங்க மேலயா என் மேலயான்னு தெரியல."

அதெல்மோ தரையைப் பார்த்தபடி சொன்னார்: "போன் வராதது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நான் நல்லாத் தூங்கறேன்னு நீ சந்தோஷமா இருந்தே. அதைக் கெடுக்க மனசு வரல."

அவள் எழுந்து பையைப் பிரித்தாள். தூளியை எடுத்து உதறி, ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். "புடிங்க, மாட்டுவோம். நீங்க வந்துட்டா நெஞ்சுல மிஷினோட இருக்கிற அந்த மனுஷனை யாரு பார்த்துக்குவா? அவருக்குக் கட்டிலும் பட்டையும். உங்களுக்குக் காலைல நான் போன் பண்ணுவேன். எடுக்கலன்னா அவருக்குப் பண்ணி, போய்ப் பாருங்கன்னு சொல்லுவேன். ரெண்டு பேரும் எடுக்கலன்னா சில்வானிராவுக்கு."

"ஐயோ, அவளுக்கு வேண்டாம்!"

"அப்ப ஒழுங்கா போனை எடுங்க."

நொனாத்தோ வீடு வந்து சேர்ந்த மறுநாள் மார்லூசியா திரும்பிப் போனாள். அதற்கடுத்த நாள் காலையில் நொனாத்தோ கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, தூளியில் கிடந்த அதெல்மோவின் வயிற்றின்மேல் போன் அடித்தது. காத்திருந்தது தெரிந்துவிடக் கூடாது என்று கொஞ்சம் அடிக்கவிட்டு எடுத்தார்.

"அப்பா, தூங்கினீங்களா?"

"நல்லாத் தூங்கினேன்" என்றார். முந்தின ராத்திரி அவர் கண்ணே மூடவில்லை, அவள் நிஜமாகவே கூப்பிடுவாளா என்று விடியவிடியப் போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.